பூசினாற்போல ஒரு முகம்

வேலூர்,
27 ஜனவரி 2025

அக்காவுக்கு,

ஹேமா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தபால்காரரை அப்படித் தடுக்க முடியாது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி, அதற்கப்புறம் நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

காணும் பொங்கல் அன்று நடந்ததை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை. திமிரியிலிருந்து வந்த மாமாவின் சித்தி உன் முகத்தைப் பார்த்து, "பூசினாப்ல இருக்காளே, இன்னா விசேஷமா?" என்று கேட்டார். உன் மாமியார் கங்கம்மாள் அத்தை சிரித்துக்கொண்டே சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தார். கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அது குழந்தை இல்ல, பொடி தின்னு வந்த வீக்கம்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நீ என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்ததெல்லாம் உனக்கே தெரியும்.

ஆனால் அக்கா, சொன்னது பொய்யில்லை. நீ ஆடி மாதத்திலிருந்து தேனில் குழைத்துச் சாப்பிடும் அந்த அணைக்கட்டு ஊர் நாட்டுமருந்துப் பொடியில் ஒரு பொட்டலத்தை உனக்குத் தெரியாமல் எடுத்துவந்தேன். எங்கள் மருந்துக் கடை முதலாளி மக்பூல் அகமது பாய் அதை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தார். மூலிகைத் தூளுக்கு நடுவே வெள்ளையாக வேறொன்று இருக்கிறது. மாத்திரையை அரைத்துக் கலக்கிறார்கள், ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார். லாங் பஜாரில் இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறவர், இதுபோல் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறார். முகம் நிலா மாதிரி ஆகும், வயிறு மட்டும் உப்பும், மாத விலக்கு தள்ளிப்போகும் என்று உன்னைப் பார்க்காமலே உன்னைச் சொன்னார்.

தயவுசெய்து அதை விட்டுவிடு. எனக்கு ஒரு வரி எழுது.

ஹேமலதா


ஆம்பூர்,
9 பிப்ரவரி 2025

மருந்துக்கடை டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ ஏசி போட்ட கடையில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாய். என் பிழைப்பு உனக்கு இன்னா தெரியும்? ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன், ஒரு தும்மல் வந்ததில்லை. லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள், அன்றைக்குப் பிடித்தது சனியன். மேனேஜர் லைனுக்குள் கால் வைத்தாலே என் கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பும். என் கழுத்தைப் பார்த்துத்தான் பெண்கள் அவர் வருவதையே தெரிந்துகொள்வார்கள். ஷிப்மென்ட் வாரத்தில் உதடு வீங்கிப்போகும். ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். உட்கார்ந்தே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து மூச்சு இழுக்கிற பம்பு கொடுத்தார்கள். அதை லைனில் நின்று நான் இழுத்த அன்று மேனேஜர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். வீட்டிலும் அத்தைக்கு அது பிடிக்கவில்லை, பம்பு அடிக்கிற மருமகள் என்று தெருவில் பேசுகிறார்களாம். அவர்தான் அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற அந்தப் பொடிக்காரரிடம் கூட்டிப்போனார். சாப்பிட்ட அதே வாரத்தில் மூச்சு திறந்துகொண்டது ஹேமா. தடிப்பு போன இடம் தெரியவில்லை. மேனேஜர் கத்தினால் நான் இப்போது அவர் பல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதை நீ விஷம் என்கிறாய்.

விசேஷம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தள்ளிப்போனதுமே சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒரு கோடுதான். அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் தட்டில் தன் கையால் சோறு போட்டது அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான். நான் சந்தோஷமாக இருந்தேன், அது பொய் என்று தெரிந்தே சந்தோஷமாக இருந்தேன். மெதுவாக நானே சொல்லியிருப்பேன். நீ சபையில் போட்டு உடைத்துவிட்டாய். உன் மாமாவும் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. தோல் லாரியை எடுத்துக்கொண்டு போனால் வர வாரமாகிறது.

என் வாசற்படி மிதிக்காதே. கடிதம் வேண்டுமானால் எழுது, தபால்காரர் நல்ல மனுஷர்.

செண்பகம்


வேலூர்,
23 பிப்ரவரி 2025

அக்கா,

பட்டை வாங்கிப் பார்த்தாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எல்லார் முன்னாலும் நான் பேசியது தப்பு. அத்தைக்கும் வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன். காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

ஆனால் பொடி விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். உன் பிடிவாதத்தில் பாதியாவது எனக்கும் இருக்குமல்லவா?

நீயே எழுதியிருக்கிறாய் பார், மேனேஜர் வந்தால் கழுத்தில் தடிப்பு என்று. உன் நோய்க்குத் தோல் தூசியும் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் பாதிக் காரணம் என்றால், பாதிக் காரணம் அந்தப் பதற்றம். எங்கள் கடைக்கு வருகிறவர்களிலேயே பார்க்கிறேன். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளுக்கு வீசிங் வருகிறது, வீட்டில் சாவு விழுந்தால் அரிப்பு மருந்து கேட்டு வருகிறார்கள். சூப்பர்வைசர் வேலை வேண்டாம், மறுபடி மெஷினிலேயே உட்காருகிறேன் என்று சொல்லிவிடேன். சம்பளம் கம்மியானால் ஆகட்டும். பம்பை ஒளித்து வைத்தாவது இழு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பொடி உன் நோயைத் தீர்க்கவில்லை, அமுக்கி வைத்திருக்கிறது. உள்ளே எலும்பைத் தின்றுகொண்டிருக்கும். சர்க்கரையை ஏற்றிவிடும். நான் பார்த்த கேஸ்களை எழுதினால் நீ பயந்துபோவாய், பயந்தால் உனக்கு ஆகாது.

கெஞ்சிப் பார்த்துவிட்டேன், இனிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு மிச்சப் பொட்டலங்களைச் சாக்கடையில் கொட்டு. நாளைக்கு என்று வைக்காதே. ஒரு வேளைகூட அதைத் தொடாதே. பொடியா, தங்கச்சியா என்று நீயே முடிவு பண்ணிக்கொள். நீ அதைக் கொட்டினேன் என்று எழுதும்வரை நான் ஆம்பூர் பக்கம் வர மாட்டேன். நீ படி மிதிக்காதே என்றாய், நானும் சொல்கிறேன்.

உன் ஹேமா


ஆம்பூர்,
16 மார்ச் 2025

ஹேமா,

பொடியா தங்கச்சியா என்று கேட்கிறாய். அம்மா போனபிறகு உனக்குத் தலை பின்னிவிட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? கோபத்தில் ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. அப்புறம் தெருவில் உன் மாதிரி நடக்கிற ஒரு பெண்ணைப் பார்த்தேன். கோபம் போய்விட்டது.

கொட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், திட்டாமல் கேள்.

மாசி அமாவாசைக்குப் பொடிக்காரர் கடை பூட்டியிருந்தது. பொட்டலம் தீர்ந்துபோய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரி, ஹேமா சொன்னபடியே ஆயிற்று என்று நானும் சிரித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கை கால் என்னுடையது மாதிரியே இல்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை. வீசிங்கா என்றால் அதுவும் இல்லை. அத்தை பயந்துபோய் யாரையோ அனுப்பிப் பொட்டலம் வாங்கிவரச் செய்தார். சாப்பிட்டேன், சாயங்காலமே எழுந்து துணி துவைத்தேன். இதற்கு உன் பாய் இன்னா சொல்கிறார் என்று கேள். எனக்குத் தெரிந்தவரை என் உடம்பில் இருக்கிற பலமே அந்தப் பொடிதான்.

மற்றபடி எனக்கே சில விஷயம் பிடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பஸ் படி ஏறத் தொடையில் வலு இல்லை. எங்கேயாவது லேசாக இடித்துக்கொண்டால் கறுநீலமாகக் கன்றிப்போகிறது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பெண்மணி நிற்கிறாள்.

கம்பெனியில் வெயிலோடு அம்மை வேறு வந்திருக்கிறது. என் லைனிலேயே நாலைந்து பெண்கள் வரவில்லை. பக்கத்து லைன் மஹ்பூபி, என் தோஸ்த், உனக்குத் தெரியுமே, எங்கள் தெருக்காரி, அவள் பிள்ளைக்கும் போட்டு இறங்கியிருக்கிறது. ஆள் குறைந்தாலும் பீஸ் குறையக் கூடாது என்கிறார் மேனேஜர். விடுபட்ட மெஷினில் நானே உட்கார்ந்து தைக்கிறேன். பேஜார்தான், ஆனால் மெஷின் ஓட்டும்போது மனசு லேசாக இருக்கிறது. நீ சொன்ன மாதிரி சூப்பர்வைசர் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். இதை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் கடைக்கு மாடியில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்பாயே. அவரிடம் வேண்டுமானால் கேட்டுப் பார். நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்லாதே.

அக்கா


வேலூர்,
28 மார்ச் 2025

அக்கா, அக்கா,

முதலில் இதைப் படி. மற்றதை அப்புறம் படி. பொடியை நிறுத்தாதே. நான் போன கடிதத்தில் எழுதியது தப்பு. கொட்டு என்றேன், ஒரு வேளைகூடத் தொடாதே என்றேன், அதையெல்லாம் மறந்துவிடு. இப்போது எப்படிச் சாப்பிடுகிறாயோ அப்படியே, வேளை தவறாமல் சாப்பிடு. நான் வந்து கூட்டிப்போகும்வரை ஒரு வேளையும் விடாதே.

உன் கடிதத்தை மாடி டாக்டர் ரோஷினியிடம் கொண்டுபோனேன். அந்த இரண்டு நாள் பற்றி நீ எழுதியதை அவர் இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மருந்துக் கடையில் நிற்கிற பெண் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். சிறுநீரகத்தின் தலையில் குல்லா வைத்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். பயம், கோபம், காய்ச்சல், அடிபடுதல், எது வந்தாலும் அதுதான் ஒரு ஹார்மோனைச் சுரந்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். வீசிங்கையும் தடிப்பையும் அடக்கி வைப்பதும் அதே ஹார்மோன்தான். உன்னை மாதிரி வருஷக்கணக்கில் பதற்றத்திலேயே இருந்தால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் போய்விடுமாம், அப்போது அலர்ஜி ஆடுகிறது. அந்தப் பொடியில் கலந்திருப்பதும் கிட்டத்தட்ட அதே சரக்குதான், வெளியிலிருந்து ஜாஸ்தியாக வருகிறது. இத்தனை மாசம் வெளியிலிருந்தே வந்ததால் உன் சுரப்பி வேலையை விட்டுத் தூங்கிவிட்டது. பொடியைச் சட்டென்று நிறுத்தினால் உனக்கு உள்ளேயும் கிடையாது, வெளியேயும் கிடையாது. அன்றைக்கு நீ பாயிலிருந்து எழ முடியாமல் கிடந்தது அதனால்தான். சும்மா இருக்கும்போதே அப்படி என்றால், ஒரு காய்ச்சல் வந்து, அந்த நேரத்தில் நிறுத்தியும் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். இந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க மாட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். அந்தச் சுரப்பி விழித்துக்கொள்ள மாசக்கணக்காகும். அவரே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பொடியைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் கூட்டிவரலாம், அதற்கு முன் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிஷம் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பொடி சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும் என்றார்.

இன்னொன்று கேட்டார். உனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. அம்மா இருந்தால் சொல்லியிருப்பார். போட்டதில்லை என்றால் கம்பெனிக்கு லீவு போடு. இந்தப் பொடி சாப்பிடுகிற உடம்புக்கு அம்மை வந்தால் சாதாரணமாகப் போகாதாம்.

கடைப் போனிலிருந்து உனக்கு அடித்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன். வண்டியில இருக்கேன், வந்து பேசறேன் என்று வைத்துவிட்டார். அவருக்கு இன்னும் என்மேல் கோபம். இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். உன் வீட்டில் கையெழுத்து வாங்கியதும் எனக்கு மெசேஜ் வரும். அது வந்தால்தான் நான் ஒழுங்காகச் சாப்பிடுவேன். ஏப்ரல் ஆறு ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. நீ தள்ளினாலும் உன் வாசற்படி ஏறிவிடுவேன்.

ஹேமா


ஆம்பூர்,
1 ஏப்ரல் 2025, செவ்வாய்

ஹேமா கண்ணுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள். வேறு யாருக்கும் இல்லை, எனக்குத்தான். போன வியாழன் காய்ச்சலடித்தது, சனிக்கிழமை முதுகில் முத்து தெரிந்தது. இந்த வயதிலா என்று எனக்கே சிரிப்பு. முகம், மார், உள்ளங்கால்கூட விடவில்லை. மற்ற பெண்களுக்கு இவ்வளவு போடவில்லை என்கிறாள் மஹ்பூபி. அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். வீட்டில் தாளிப்பு இல்லை, சீப்பு எடுப்பதில்லை. நேற்று ரம்ஜானுக்கு மஹ்பூபி பிரியாணி கொண்டுவந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுத் திருப்பி எடுத்துப்போனாள். வாசனை மட்டும் எனக்கு.

உனக்கு ஒரு நல்ல சேதி. சந்தோஷப்படுவாய் என்றுதான் இந்த நிலையிலும் எழுதுகிறேன். பொடியை நிறுத்திவிட்டேன். அம்மை போட்ட உடம்புக்கு மருந்து கொடுத்தால் அம்மாவுக்கு ஆகாது என்று அத்தை சனிக்கிழமையே எடுத்து வைத்துவிட்டார். நான்தான் சொன்னேன், எடுத்து வைத்தால் மறுபடி கை போகும், ஹேமா சொன்ன மாதிரி சாக்கடையில கொட்டிடுங்க அத்தே என்று. என் கண்ணெதிரே கொட்டினார். உனக்குத்தான் ஜெயம். பொடி போனது, தங்கச்சி வந்தாள். மேனேஜரிடமும் மஹ்பூபி மூலம் சொல்லியனுப்பிவிட்டேன், திரும்பி வந்தால் மெஷினில்தான் உட்காருவேன் என்று. இரண்டுமே உன் பேச்சைக் கேட்டது.

வீசிங் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன், வரவில்லை. மாருக்குள் கொஞ்சம் குத்துகிறது, அவ்வளவுதான். அசதிதான் தாங்கவில்லை. அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. நேற்று எழுந்து நின்றேன், கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இளநீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, வாந்தியாகப் போகிறது. பேசினால் நாக்கு குழறுகிறது. அம்மா மேலே இறங்கியிருக்கிறாள், அதுதான் அசதி என்று அத்தை கற்பூரம் காட்டுகிறார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொடுக்கிறார் ஹேமா. விசேஷம் இல்லை என்று தெரிந்த பிறகும் தடவிக்கொடுக்கிறார். பொங்கலில் நீ பேசியதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். உன் நம்பரையும் திறந்துவிட வேண்டும். போன் அத்தையிடம் இருக்கிறது, வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதாம்.

மாமா நாக்பூர் தாண்டிவிட்டாராம். வியாழக்கிழமை எனக்குத் தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதற்குள் வந்துவிடுவார். நீ ஞாயிற்றுக்கிழமை வா. தலைக்கு ஊற்றின வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். உனக்கு வஞ்சிர மீன் வாங்கச் சொல்கிறேன்.

இதை மஹ்பூபி வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் போடுகிறேன் என்றிருக்கிறாள். இன்று காலை உன்னிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. ஸ்பீடு போஸ்ட்டாம், அத்தைதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வெளியிலிருந்து வந்தது எதுவும் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளே வரக் கூடாது என்று வாசல் மாடத்திலேயே வைத்திருக்கிறார். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் கவரின் ஓரம் தெரிகிறது. இன்னும் கொட்டவில்லையா என்று திட்டித்தானே எழுதியிருப்பாய்? இனித் திட்ட ஒன்றுமில்லை. வியாழக்கிழமை படித்துக்கொள்கிறேன்.

இப்போது தூக்கம் தூக்கமாக வருகிறது.

உன் அக்கா
செண்பகம்